வீட்டில் படிக்கும் பிள்ளைகளின் வாரம்: எத்தனை நாள் வெளியே, எங்கே, எதற்கு

9 வயது மகளையும் 5 வயது மகனையும் இனி வீட்டிலேயே படிக்கவைப்பது என்று முடிவு செய்திருக்கிறீர்கள். ஒரு நாள் எப்படிப் போகும், வாரத்துக்கு எத்தனை முறை வெளியே அழைத்துப்போக வேண்டும், அப்படிப் போவது படிப்புக் கணக்கில் சேருமா, மற்ற குழந்தைகளோடு பழக்கம் எப்படி ஏற்படும் என்று கேட்டிருக்கிறீர்கள். என் மகளுக்கு இப்போது 17 வயது, மகனுக்கு 12. இருவரும் பள்ளிக்குப் போனதில்லை. அந்தப் பழக்கத்திலிருந்து சொல்கிறேன்.

வாரத்துக்கு இரண்டு முறை வெளியே போனால் போதும். அதில் ஒன்று, ஒவ்வொரு வாரமும் அதே இடமாக இருக்கட்டும். புதிதாகத் தொடங்கும் பெற்றோர் முதல் வாக்கியத்தை ஏற்றுக்கொள்வார்கள், இரண்டாவதை நம்பமாட்டார்கள். நானும் முதல் ஆண்டில் நம்பவில்லை. கோட்டை, கோளரங்கம், விலங்குக்காட்சி சாலை, அச்சகம், மூன்று அருங்காட்சியகங்கள் என்று ஓட்டமும் நடையுமாகவே அந்த ஆண்டு கழிந்தது. பள்ளிக்கு அனுப்பாததற்கு ஈடாக எதையாவது காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற பதற்றம் எனக்குள் இருந்தது. ஆண்டு முடிவில் மகளோடு உட்கார்ந்து பேசியபோது, திமிங்கல எலும்புக்கூட்டை எந்த அருங்காட்சியகத்தில் பார்த்தோம் என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கும் குளத்தில், களைத்துப்போன நாட்களில் வேறு வழியில்லாமல் அழைத்துப்போன அந்தக் குளத்தில், எந்தக் கல்லில் ஆமை வெயில் காயும், எந்த நேரத்தில் காயும், ஆள் எவ்வளவு நெருங்கினால் நீரில் இறங்கிவிடும் என்பதையெல்லாம் வரிசையாகச் சொன்னாள்.

அதன் பிறகு எங்கள் வாரத்தையே மாற்றி அமைத்தோம்.

முதலில் வீட்டில் இருக்கும் நாளைச் சொல்லிவிடுகிறேன். 9 வயதுக் குழந்தைக்கு உட்கார்ந்து படிக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் தேவையில்லை. 5 வயதுக்கு அரை மணி நேரமே அதிகம். இது குறைவாகத் தோன்றும். முப்பது பேர் உள்ள வகுப்பில் வருகைப் பதிவு, அமைதிக்காகக் காத்திருப்பது, நோட்டுகளைத் திருப்பித் தருவது, ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் சும்மா இருப்பது என்று நேரம் போகும். வீட்டில் அதெல்லாம் இல்லை. குழந்தைக்குப் புரியாத இடத்தில் அப்போதே நிற்கிறீர்கள், புரிந்ததும் அடுத்ததற்குப் போகிறீர்கள். எங்கள் வீட்டில் காலையில் முதலில் கணக்கு. மூளை தெளிவாக இருக்கும்போதே அதை முடித்துவிடுவது நல்லது. பிறகு எழுத்து. அதற்குப் பிறகு நான் சத்தமாகப் புத்தகம் வாசிப்பேன். மகளுக்கு ஏற்ற புத்தகத்தைத்தான் வாசிப்பேன். மகன் தரையில் கட்டைகளை அடுக்கிக்கொண்டு கேட்பான். பாதி புரியாது, ஆனால் அவன் அள்ளிக்கொண்ட சொற்கள் எனக்குப் பல மாதம் கழித்துத்தான் தெரியவரும்.

பகலில் வீட்டு வேலைகள். துணி மடிப்பதும் அறையைப் பெருக்குவதும் படிப்புக்கு நடுவே வரும் இடையூறு என்று நினைக்காதீர்கள். நாள் முழுக்கப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் வீடு இரண்டு மடங்கு வேகமாக அழுக்காகும். அந்த வேலையில் அவர்களுக்குப் பங்கு இல்லாவிட்டால் ஆறே மாதத்தில் உங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். பிற்பகல் அவர்களுடையது. முதல் மாதம் "அம்மா, இப்போ என்ன செய்ய?" என்று பத்து முறை கேட்பார்கள். ஒரு யோசனையும் சொல்லாமல் இருந்துபாருங்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. மூன்றாவது வாரத்தில் அந்தக் கேள்வி நின்றது, மேசைக்கு அடியில் ஓர் அஞ்சல் நிலையம் முளைத்தது.

இனி, அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதைப் பற்றி. எப்பிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் தன்னையே சோதனைக்கு உட்படுத்தி, பொருளற்ற அசைகளை ஆயிரக்கணக்கில் மனப்பாடம் செய்து, அவை எவ்வளவு வேகத்தில் மறக்கின்றன என்று அளந்தார். 1885-இல் வெளியிட்ட முடிவுகளில் அவர் காட்டிய ஒன்று: ஒரே நாளில் அடுக்கடுக்காகத் திரும்பச் சொல்வதைவிட, அதே எண்ணிக்கையை நாட்கள் இடைவெளி விட்டுப் பிரித்துச் சொன்னால் அதிகம் தங்குகிறது. நூறு ஆண்டுக்கும் மேலாகப் பலர் பலவிதமாகச் சோதித்தும் இது நிற்கிறது. வாரம் ஒருமுறை குளத்துக்குப் போவது இந்த இடைவெளியைத் தானாகவே கொடுத்துவிடுகிறது. குழந்தை போன வாரத்தை நினைவுபடுத்திக்கொண்டால்தான் இந்த வாரம் என்ன மாறியிருக்கிறது என்று சொல்ல முடியும். வேறு திருப்புதல் பயிற்சி எதுவும் வேண்டியதில்லை.

ஒரே இடம் இன்னொன்றையும் தருகிறது. அங்கே நேரம் ஓடுவதைப் பார்க்க முடியும். ஒருநாள் போய்வந்தால் தலைப்பிரட்டையைப் பார்க்கலாம். ஆறு, ஏழு வாரம் போனால், அதற்குப் பின்னங்கால்கள் முதலில் முளைப்பதும் முன்னங்கால்கள் பிறகு வருவதும் தெரியும். வால் உதிர்ந்து விழும் என்று என் மகள் எதிர்பார்த்து, நீருக்குள் கழன்ற வால்களைத் தேடினாள். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. வால் உடலுக்குள்ளேயே உறிஞ்சப்படுகிறது என்பதை அதன் பிறகுதான் புத்தகத்தில் தேடிப் படித்தாள். அவளாகவே தேடிய வால் கிடைக்காததால் அந்தப் பத்தியை அவள் படித்த விதமே வேறாக இருந்தது.

கரையில் ஒரு குச்சியை நட்டு, அதில் சென்டிமீட்டர் கோடுகள் கீறி, வாரந்தோறும் நீர்மட்டத்தைக் குறித்தோம். ஓராண்டில் 50 புள்ளிகள். அவற்றைக் கட்டத் தாளில் வைத்து இணைத்தபோது கிடைத்த வளைகோடுதான் என் பிள்ளைகள் வரைந்த முதல் வரைபடம். மழை இல்லாத வாரங்களில் மட்டம் ஏன் சம அளவில் குறையவில்லை என்று மகன் கேட்டான். வெப்பம், காற்று, குளம் ஆழம் குறையக் குறையப் பரப்பும் சுருங்குவது என்று அந்த ஒரு கேள்விக்கே மூன்று வாரம் ஆயிற்று. அதே கரையில் உள்ள மரத்தின் உயரத்தை நிழலை வைத்துக் கண்டுபிடித்தோம். 1 மீட்டர் குச்சியின் நிழல் 80 சென்டிமீட்டர், அதே நிமிடத்தில் மரத்தின் நிழல் 9.6 மீட்டர் என்றால், மரம் 12 மீட்டர். விகிதம் என்ற பாடம் அவளுக்குப் புத்தகத்தில் வந்தபோது, "இது அந்த மரக் கணக்குதானே" என்றாள்.

மாலையில் போகும் நாட்களில் நிலா. இன்று ஏழு மணிக்கு அந்த மரத்தின் மேல் நின்ற நிலா நாளை அதே நேரத்தில் அங்கே இருக்காது, கிழக்கே தள்ளி நிற்கும். மகளுக்கு 13 வயது இருக்கும்போது அதைக் கணக்காக மாற்றினாள். ஒரு நாளில் 1440 நிமிடம், ஓர் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்கு ஏறத்தாழ 29.5 நாள். வகுத்தால் 49 நிமிடம் வருகிறது. நிலா சராசரியாக நாளுக்கு 50 நிமிடம் தாமதமாக எழுகிறது என்று புத்தகங்களில் இருப்பதும் அதுதான். அதைப் புத்தகத்தில் சரிபார்த்த இரவில் அவள் தூங்கவே இல்லை.

இரண்டாவது வெளிநாள், மாறும் இடங்களுக்கானது. அருங்காட்சியகமா, நூலகமா, ஒரு பட்டறையா என்பது அந்த வாரத்தின் கேள்வியைப் பொறுத்தது. அருங்காட்சியகத்தைப் பற்றி ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: ஒரு தடவைக்கு ஒரே அறை. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய கில்மன் என்பவர், 1916-இலேயே 'அருங்காட்சியகக் களைப்பு' பற்றி எழுதியிருக்கிறார். பார்வையாளர் குனிந்தும் எக்கியும் வளைந்தும் கண்ணாடிப் பேழைகளைப் பார்க்க வேண்டியிருப்பதைப் படங்கள் எடுத்து விளக்கினார். வளர்ந்தவருக்கே அந்த நிலை என்றால், 5 வயதுக் குழந்தைக்குப் பாதிப் பேழைகள் கண் உயரத்துக்கு மேலே இருக்கும். உங்கள் மகனுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு, அவன் உயரத்திலிருந்து ஒருமுறை அந்த அறையைப் பாருங்கள். அவன் ஏன் சிணுங்குகிறான் என்பது உடனே புரிந்துவிடும். நாங்கள் போனால் ஆளுக்கு ஒரு பொருளைத் தேர்ந்தெடுப்போம். அதன் எதிரில் தரையில் உட்கார்ந்து வரைவோம். அழகாக வரவேண்டிய தேவை இல்லை, ஒரு கத்தியின் பிடியில் எத்தனை ஆணி இருக்கிறது என்று வரைகிறவர் எண்ணியாக வேண்டும், அவ்வளவுதான். முக்கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிடுவோம். சர்வதேச அருங்காட்சியக நாள் மே 18. 1977 முதல் கொண்டாடப்படுகிறது. அன்று பல இடங்களில் கட்டணம் இருக்காது, ஆனால் கூட்டம் மிகுதி. சிறு குழந்தையோடு போக அதற்கு மறுவாரமே நல்லது.

ஒரு தடவை 14 பிள்ளைகள் கொண்ட குழுவோடு ஒரு பெரிய கண்காட்சிக்குப் போனோம். வழிகாட்டி ஒரே இடத்தில் நிறுத்தி ஐம்பது நிமிடம் பேசினார். என் மகன் தரையில் படுத்து அழுதுவிட்டான். மற்ற பெற்றோர் பார்க்கிறார்களே என்று நான் கால்மணி நேரம் அவனைச் சமாதானப்படுத்தப் பார்த்தேன். உடனே எழுந்து வெளியே போயிருக்க வேண்டும். குழந்தையின் நிலையைப் பார்த்து நடக்கும் சுதந்திரத்துக்காகத்தானே இந்த வழியைத் தேர்ந்தெடுத்தோம்! டிக்கெட் வாங்கிவிட்டோம் என்பதற்காக ஒரு குழந்தையைத் தாங்கமுடியாத இடத்தில் நிறுத்தி வைக்காதீர்கள்.

நூலகத்தில் புத்தகத்தை நீங்கள் எடுத்துக் கொடுக்க வேண்டாம். எண்ணைக் கொடுங்கள். உலகின் பல நூலகங்கள், 1876-இல் அமெரிக்க நூலகர் மெல்வில் டியூயி வகுத்த, புத்தகங்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் தசம முறையைப் பயன்படுத்துகின்றன. அதில் 500 முதல் இயற்கை அறிவியல், 598 பறவைகள், 385 ரயில் போக்குவரத்து. என் மகன் வாசிக்கத் தொடங்கும் முன்பே 385-ஐத் தானாகக் கண்டுபிடிப்பான். அந்த வரிசையில் நடந்துபோனதில்தான் தசம எண்கள் அவனுக்குப் பழகின: 598.1 எங்கே நிற்கும், 598.12 அதற்கு முன்பா பின்பா என்ற கேள்விக்கு விடை அலமாரியிலேயே இருக்கிறது.

போகும் வழியும் படிப்புதான். பயணத்தை நடத்தும் பொறுப்பை மகளிடம் கொடுத்துவிடுங்கள், 9 வயது அதற்குச் சரியான வயது. நேர அட்டவணையைப் பார்த்து, எந்த பஸ்ஸைப் பிடிக்க எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று அவள் பின்னோக்கிக் கணக்கிடட்டும். நிறுத்தம் தவறினாலும் நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. என் மகள் ஒரு முறை இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறக்கிவிட்டாள். நடந்தோம். அடுத்த வாரம் வரைபடத்தையும் கடிகாரத்தையும் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் நிமிடம் குறித்தாள். வரைபடத்தில் சம இடைவெளியில் இருந்த நிறுத்தங்களில் ஒரு ஜோடிக்கு 2 நிமிடம், இன்னொன்றுக்கு 7 நிமிடம் ஆனது. வரைபடம் பொய் சொல்கிறது என்று கோபப்பட்டாள். 1931-இல் லண்டன் சுரங்க ரயிலுக்காக ஹாரி பெக் என்ற வரைவாளர் வரைந்து, 1933-இல் வெளியான வரைபடத்தின் கதையை அன்று படித்தோம். ரயிலில் போகிறவருக்கு அடுத்தது எந்த நிலையம், எங்கே மாற வேண்டும் என்பது தெரிந்தால் போதும் என்று, அவர் தூரங்களை வேண்டுமென்றே விட்டுவிட்டு, கோடுகளை நேராகவும் 45 பாகைச் சாய்விலும் மட்டும் வரைந்தார். ஒரு வரைபடம் எதைச் சொல்கிறது, எதை விடுகிறது என்று கேட்கும் பழக்கம் என் மகளுக்கு அன்றிலிருந்துதான்.

மற்ற குழந்தைகளோடு பழகுவது பற்றிய கவலை நியாயமானது. "அதெல்லாம் தானாக வரும்" என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். தானாக வராது, நீங்கள் உழைக்க வேண்டும். கூட்டமாகப் பல குடும்பங்கள் சேர்ந்து போகும் சுற்றுலாக்களில் நட்பு உண்டாவதில்லை. எல்லாரும் வழிகாட்டியைப் பார்த்து நிற்பார்கள், பிறகு கலைந்துவிடுவார்கள். நட்புக்கு வேண்டியது அதே நாள், அதே இடம், அதே முகங்கள், செய்வதற்குக் குறிப்பாக எதுவும் இல்லாத இரண்டு மணி நேரம். எங்கள் குளத்து நாளுக்கு மேலும் மூன்று குடும்பங்களை அழைத்தேன். நான்கு வயது முதல் பதினான்கு வரை ஒன்பது பிள்ளைகள். பெரியவர்கள் சின்னவர்களுக்கு முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்தார்கள், சண்டை போட்டார்கள், அடுத்த வாரம் அதே சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். சண்டை போட்டவனை அடுத்த வாரமும் பார்த்தாக வேண்டும் என்பது எவ்வளவு பெரிய பயிற்சி!

ஆனாலும் 13 வயதில் மகளுக்கு அந்தக் குழு போதவில்லை. தன் வயதுப் பெண்கள் வேண்டும் என்றாள், பல இரவுகள் அழுதாள். ஒரு நாடகக் குழுவைத் தேடிக் கண்டுபிடித்தோம். வாரம் மூன்று மாலை, தனியாக பஸ்ஸில் போய்வந்தாள். உங்கள் மகளுக்கும் அந்த வயது வரும். அப்போது அவள் பள்ளிக்குப் போக விரும்பினால், அதைத் தோல்வியாக நினைக்காமல் பேசத் தயாராக இருங்கள்.

வேலை நாளில் பகல் பதினோரு மணிக்குப் பிள்ளைகளோடு வெளியே நின்றால், "இன்னிக்கு ஸ்கூல் இல்லையா?" என்று யாராவது கேட்பார்கள். குற்றம் செய்தவர் மாதிரி விளக்கம் சொல்ல வேண்டாம். "வீட்டில் படிக்கிறார்கள், இன்று நூலகம்" என்று பிள்ளைகளே சொல்லப் பழக்குங்கள். சட்டத்தை மட்டும் முன்பே தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள், நாட்டுக்கு நாடு அது முற்றிலும் வேறு. இங்கிலாந்தின் 1996 கல்விச் சட்டம், பள்ளிக்கு அனுப்பியோ வேறு வழியிலோ கல்வி தரும் கடமையைப் பெற்றோரிடம் வைக்கிறது, அந்த 'வேறு வழி'யில்தான் வீட்டுக் கல்வி நிற்கிறது. ஜெர்மனியில் பள்ளிக்குப் போவதே கட்டாயம். பிரான்சில் முன்பு அறிவித்தால் போதும் என்று இருந்தது, 2022 கல்வியாண்டு முதல் அனுமதி பெற வேண்டும். நீங்கள் வாழும் இடத்தின் விதியை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவு வைப்பதும் அதையொட்டியதே. அதிகாரிகள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஆளுக்கு ஒரு கோடில்லாத நோட்டு போதும். ஒவ்வொரு முறையும் தேதி, வானிலை, ஒரு படம், ஒரு கேள்வி. விடை எழுத வேண்டியதில்லை. மகன் எழுதப் பழகும்வரை அவன் சொல்லச்சொல்ல நீங்கள் எழுதுங்கள், அவன் சொற்களைத் திருத்தாமல். பிப்ரவரியில் நான்கு நாள் உலகெங்கும் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் அந்த நோட்டோடு கலந்துகொள்ளுங்கள். 1998-இல் தொடங்கி, 2013-இல் உலகம் முழுவதற்கும் விரிந்தது. ஓரிடத்தில் 15 நிமிடமாவது நின்று, பார்த்த பறவைகளை இனம் பிரித்து எண்ணி அனுப்ப வேண்டும். தான் எண்ணிய எண் ஆய்வாளர்களுக்குப் போய்ச்சேருகிறது என்று தெரிந்ததும் என் மகன் ஒரே கொக்கை இரண்டு முறை எண்ணிவிட்டோமோ என்று கவலைப்பட ஆரம்பித்தான். துல்லியமாக இருக்க வேண்டும் என்று நான் அவனிடம் அதற்கு முன் எத்தனையோ முறை சொல்லியிருந்தேன்.

நீங்கள் செய்யவேண்டிய முதல் வேலை, கால்மணி நேர நடைக்குள் ஓரிடத்தைத் தேர்ந்தெடுப்பது. குளம் இல்லாவிட்டால் ஒரு கால்வாய், ஒரு பெரிய மரம், ரயில் பாதைக்கு மேலுள்ள நடைபாலம் எதுவானாலும் சரி. முதல் மூன்று வாரம் எதையும் கற்பிக்காதீர்கள். ஐந்தாம் ஆறாம் வாரத்தில் உங்கள் மகள் "இங்கே புதுசா ஒண்ணுமே இல்லம்மா" என்பாள். அப்போது கிளம்பிவிடாமல் இன்னும் அரை மணி நேரம் உட்கார்ந்திருங்கள். எங்களுக்கு அந்த வாரம் வந்தபோது காலை ஏழு மணி இருக்கும். மகள் சலித்துப்போய்த் தண்டுகளைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். நீரிலிருந்து ஒரு பழுப்பு நிறப் பூச்சி கோரைத் தண்டில் ஏறி நின்றது. அதன் முதுகு பிளந்தது. வெளிறிய, கசங்கிய இறக்கைகளோடு ஒரு தும்பி பின்னோக்கி வளைந்து வெளியே வந்தது. பட்டாம்பூச்சிக்கு உள்ளதுபோலக் கூட்டுப்புழுப் பருவம் தும்பிக்கு இல்லை. நீருக்குள் வாழ்ந்த அந்தப் பூச்சி இப்படி நேரடியாகத்தான் தும்பியாகிறது. இறக்கைகள் விரிந்து, காய்ந்து, கண்ணாடி போலாகும்வரை ஒன்றரை மணி நேரம் நான்கு பேரும் அசையாமல் இருந்தோம். அது பறந்துபோன பிறகும் வெறும் தோல் தண்டைப் பிடித்துக்கொண்டே நின்றது. அதை மகள் நோட்டின் அட்டையில் ஒட்டி வைத்தாள், இன்னும் அதில் இருக்கிறது.